நான்கு இலட்சத்துக்கு எந்தக் கெமரா வாங்கலாம்?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பதினொரு பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசிகசாலையில் கூடுகிறார்கள். ஆறு பேர் பெண் பிள்ளைகள். போனில் வீடியோ எடுப்பது, வெட்டி ஒட்டுவது, பாட்டுப் போடுவது எல்லாம் நன்றாக வருகிறது. மீடியா வேலைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். விட்டால் கொழும்பில் கடைக்கும் ஹோட்டலுக்கும்தான் போவார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் நான்கு இலட்சம் ரூபா சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் காசுக்கு எந்தக் கெமரா நல்லது? எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம்? பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள், அதற்கு என்ன செய்யலாம்?
ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

பதில்:

டீச்சர், கெமரா வாங்க வேண்டாம்.

நீங்கள் கடையில் விலை கேட்டிருப்பீர்கள். பிள்ளைகள் யூடியூபில் பார்த்து மொடல் நம்பர் வரை பாடமாக்கி வைத்திருப்பார்கள். அதனால்தான் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் காசுக்கு ஒரு கெமரா பொடி, ஒரு லென்ஸ், ஒரு பை வரும். பதினொரு பேருக்கு ஒரு கெமரா. யார் வீட்டில் வைப்பது, யார் கையிலிருந்து விழுந்தது என்று மூன்றாம் மாதமே மனஸ்தாபம் வந்துவிடும். இப்படி நன்கொடையாக வந்த கெமராக்கள் இரண்டை நானே தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஒன்றின் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நம் ஊர் ஈரத்துக்கு அலுமாரியில் பூட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்? மற்றது பெரிய ஆட்கள் வீட்டுக் கலியாணத்துக்கு மட்டும் வெளியே வருகிறது.

பழகுவதற்குப் பிள்ளைகளின் போனே போதும். காசு வேறு இடத்தில் தேவைப்படும். அது எங்கே என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் லயத்தில் பிறந்தவன். 2003இல் உயர்தரம் எழுதிவிட்டு, கொழும்பில் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். எங்கள் தோட்டத்துக் கூட்டாளி ஒருவனும் கூட வந்தான். முதல் இரண்டு மாதம் சம்பளம் இல்லை. ‘வேலை பழகுகிறீர்கள்தானே’ என்றார்கள். கொட்டாஞ்சேனையில் ஐந்து பேர் படுக்கும் ஓர் அறை. காலையில் பாண், இரவிலும் பாண். வேலை முடியப் பதினொரு மணியாகும், பஸ் இருக்காது, நடப்போம். மூன்றாம் மாதம் 4,500 ரூபா தந்தார்கள். நான் வாங்கினேன், அவன் வாங்கவில்லை. ஆறாவது கிழமையில் அவனுடைய அப்பா மலையில் விழுந்து கால் முறிந்தது. அறை வாடகைக்கும் வழியில்லாமல் ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. எனக்கு மட்டும் வழி எங்கிருந்து வந்தது என்றால், அம்மாவின் தோடு ஹட்டன் அடகுக் கடையில் கிடந்தது. என்னுடையதைவிட அவனுக்கு நல்ல காது. இன்றைக்கும் த்ரீவீலர் போகிற சத்தத்தை வைத்தே எந்த பெயாரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

ஆகவே இரண்டரை இலட்சத்தை எடுத்துத் தனியாக வையுங்கள். ஒரு பிள்ளை கண்டிக்கோ கொழும்புக்கோ போய் முதல் சம்பளம் கைக்கு வரும் வரை போர்டிங், சாப்பாடு, பஸ் காசு எல்லாம் இதிலிருந்து போகட்டும். சும்மா கொடுக்க வேண்டாம், வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். சம்பளம் நிலைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தால் அது அடுத்த பிள்ளைக்குப் போகும். பதினொரு பேரையும் ஒரே தடவையில் அனுப்பக் காசு காணாது, இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். கணக்கு வைக்கும் வேலையை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தின் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதுகிற ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைப் பிடியுங்கள்.

‘பழகுகிற காலம்’ என்ற பேச்சைப் பற்றி இன்னும் ஒன்று. எனக்கு அப்போது சட்டம் தெரியாது. உங்கள் பிள்ளைகள் தெரிந்துகொண்டு போகட்டும். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப்புக்கு முதலாளி 12 வீதமும் வேலை செய்பவர் 8 வீதமும் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப்புக்கு முதலாளி இன்னும் 3 வீதம். நிரந்தரமாக்கிய பிறகுதான் ஈபிஎஃப் என்பது முதலாளிமார் சொல்லும் கதை, சட்டத்தில் அப்படி இல்லை. இதையெல்லாம் இன்டர்வியூவில் எடுத்துச் சண்டை போடச் சொல்லவில்லை. வேலையில் சேருகிற அன்று, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மேல் வேலை செய்தால் வீட்டுக்குப் போக வாகனம் உண்டா என்று மூன்றே கேள்விகள் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கே முகம் சுளிக்கிற இடத்தில் ஆறு மாதம் கழித்தும் சம்பளம் வராது.

சரி, மிச்சம் ஒன்றரை இலட்சம். பழைய டெஸ்க்டொப் கணினி ஒன்று வாங்குங்கள். ரேம் 16 ஜிபி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. காதை மூடுகிற வயர் ஹெட்போன் இரண்டு. போனில் குத்துகிற வயர் கொலர் மைக் இரண்டு. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று போதாது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு நல்லது, வழக்கமான வேலைக்கு வீடியோவில் முத்திரை எதுவும் விழாது. ஆனால் கணினி திணறும். திணறினால் ஷொட்கட் போடுங்கள். ஒலிக்கு ஆடாசிட்டி. எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. கெப்கட்டில் டெம்ப்ளேட் போடத் தெரிந்த பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அதற்காக யாரும் வேலை தரமாட்டார்கள். ஒரு புது அசிஸ்டன்டிடம் என்னைப் போன்றவர்கள் முதலில் பார்ப்பது வேறு. கார்டில் உள்ளதை இரண்டு இடத்தில் கொப்பி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கிறானா? போல்டருக்குத் தேதியும் இடமும் போட்டுப் பெயர் வைக்கிறாளா? இந்தப் பழக்கத்துக்காக மட்டுமே நான் ஒரு பிள்ளையை வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

போனில் எடுக்கிறவர்கள் இன்றைக்கே மாற்றக்கூடிய ஒன்று உண்டு. பெரும்பாலான போன்கள் ஒரு செக்கனுக்கு 30 படம் என்ற கணக்கில் எடுக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல்பு அதற்கு இரட்டிப்பாக, செக்கனுக்கு 100 தடவை துடிக்கிறது. அதனால்தான் கோயில் மண்டபத்திலும் வகுப்பறையிலும் எடுத்த வீடியோக்களில் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடுகிறது. 25 படத்துக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/50 செக்கனில் நிறுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நம் தொலைக்காட்சிக் கணக்கும் 25தான், ஆகவே கொடுக்கிற இடத்திலும் தலைவலி இல்லை.

லென்ஸில் ஆவி படிவது இன்னொன்று. இதை மலையில் வேலை செய்கிறவன்தான் சொல்லித்தர முடியும். வெளியே குளிரில் நின்றுவிட்டு, ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குப் போனால் சூடும் ஈரமும் சேர்ந்து லென்ஸ் முழுக்க வெள்ளையாகிவிடும். துடைத்தாலும் உடனே திரும்பப் படியும். கொழும்பிலிருந்து வருகிற குழுக்கள் ஒவ்வொரு முறையும் இதில் மாட்டி அரை மணி நேரம் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன். போனையோ கெமராவையோ பைக்குள் மூடி வைத்தபடியே உள்ளே கொண்டுபோய் இருபது, முப்பது நிமிடம் விட்டுவிட்டுத் திறந்தால் போதும். உங்கள் பிள்ளை ஒருத்தி அந்தக் குழுவோடு ஒருநாள் நின்று இதைச் சொன்னாளானால் அவள் நம்பரை வாங்காமல் போகமாட்டார்கள்.

ஆனால் படத்தைவிட ஒலியில்தான் நம் பிள்ளைகளுக்கு வாசல் அகலம் என்பது என் எண்ணம். நான் ஒலிக்காரன், அதனால் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. கெமரா பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள், சத்தம் சுத்தமாகப் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. முதல் மாதம் படமே எடுக்காமல் ஒலி மட்டும் பதியச் சொல்லுங்கள். பின்னேரம் கொழுந்து மடுவத்துக்குப் போய் நிறுவை நடக்கும்போது மூன்று நிமிடம் பதியட்டும். கூடை இறங்குகிற சத்தம், கிலோ சொல்கிற குரல், ‘இவ்வளவுதானா?’ என்று கேட்கிற குரல், தூரத்தில் லொறி. வாசிகசாலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டு, எதை முன்னால் வைப்பது, எதை வெட்டுவது என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். எடிட்டிங் என்பதன் பாதி அங்கேயே வந்துவிடும்.

அடுத்தது பேட்டி. லயத்துக் காம்பராவில் ஒரு பாட்டியை உட்காரவைத்துப் பேசவிடுங்கள். மழை வந்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, ஆகவே மழைக்கு முந்திய காலை நேரம் பாருங்கள். கொலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சேலை உரசாத இடத்தில் இருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். பேட்டி முடிந்ததும் யாரும் எழும்பாமல், பேசாமல், அந்தக் காம்பராவின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பிறகு பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் விழுகிற ஓட்டைகளை அடைக்க அந்த அரை நிமிடம்தான் உதவும். பாட்டி கொண்டுவந்து கொடுக்கும் சாயத்தண்ணியை அதற்குப் பிறகு குடிக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, அது அவர்கள் கண்ணில் படுவதில்லை. தமிழ். அரச அறிவித்தல், சுகாதார விளக்கம், தொண்டு நிறுவன வீடியோ என்று எதை எடுத்தாலும் மூன்று மொழியில் வேண்டும். தமிழ் எழுத்துப் போடும் இடத்தில் நடக்கிற கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ழகரம் இல்லை, ஒற்று இல்லை, சில நேரம் எழுத்தே சிதறிக் கிடக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும் யூனிகோடிலும் வேகமாகத் தட்டச்சு செய்யவும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றவும், பேச்சைக் கேட்டுப் பிழையில்லாமல் எழுதி நேரம் குறிக்கவும் தெரிந்த ஒரு பிள்ளைக்குக் கொழும்பில் வேலை தட்டுப்படாமல் போகாது. ஒற்றுப் பிழை திருத்துவதில் உங்களைவிட நல்ல குரு அவர்களுக்குக் கிடைக்கமாட்டார். அந்த ஒரு மணி நேரத்தை ஞாயிறு வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்களம் பேசாமல் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவிலும் காலம் தள்ள முடியாது. கடைத்தெருச் சிங்களம் நம் பிள்ளைகளுக்கு வரும், வேலைச் சிங்களம் வேறு. அது பழகப் பழக வந்துவிடும், வெட்கப்படாமல் பிழையாகப் பேசச் சொல்லுங்கள். பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருமுறை அறிவிப்பாளர் தேர்வுக்குப் போனேன். இரண்டு வரி வாசித்ததும், ‘தம்பி, இது தோட்டப் பேச்சு, சரிவராது’ என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ரோட்டில் அழுதேன். இப்போது அதே பேச்சில் குரல் கொடுக்க ஆள் தேடி எனக்கே போன் வருகிறது. பிள்ளைகளின் நாக்கைத் திருத்தப் போகாதீர்கள். செய்தித் தமிழும் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

கோர்ஸ் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் டிப்ளோமா என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்களுக்குக் காசு கட்டும் முன், மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த இடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நேரில் போய், ஒரு கெமராவுக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். கொழும்பில் இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, அங்கே எந்த வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்று விசாரித்த பிறகு அனுப்புங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பற்றிக் கேட்கலாம். கோர்ஸ் படிக்காமலேயே, வேலை செய்த அனுபவத்தைக் காட்டிப் பரீட்சித்து என்விகியூ எடுக்கும் வழியும் உண்டு. இரண்டு மூன்று வருடம் ஸ்டூடியோவில் நின்ற பிள்ளைக்கு அது பொருந்தும். உயர்தரம் இனித்தான் எழுதப்போகிறவர்கள் இருந்தால், கலைப் பிரிவில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்ற பாடம் இருப்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் அம்மாமார் பயப்படுவதைப் பிழை சொல்லமாட்டேன். இரவு வேலை உண்டு, கெட்ட ஆட்களும் உண்டு. அதற்காக ‘பெண் பிள்ளையா, வீட்டிலிருந்து எடிட்டிங் பண்ணட்டும்’ என்று பிரித்துவிடாதீர்கள். ஒலிப்பதிவிலும் கெமராவிலும் நல்ல கை வந்த பிள்ளையை அப்படி மூலையில் உட்காரவைப்பது அநியாயம். ஒருத்தியாக அனுப்பாமல் இருவராக அனுப்புங்கள். போர்டிங்கை முதலில் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கவையுங்கள், அந்தப் பயணச் செலவையும் இரண்டரை இலட்சத்திலிருந்தே எடுங்கள். அம்மா அந்த வீட்டுக்காரியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் பாதிப் பயம் போய்விடும். மற்றப் பாதி போகாது, போகவும் வேண்டாம்.

எல்லாரும் கொழும்புக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஸ்டூடியோக்களில் கலியாணம், சடங்கு, தேர் என்று வேலை இருக்கிறது. லைட் பிடிக்கிற இடத்திலிருந்து தொடங்கினால் தொழில் கைக்கு வரும். மலையில் ஒலிபரப்பு நடத்துவதும் புதிதில்லை. கொத்மலையில் 1989இல் சமூக வானொலி தொடங்கியது, 1998இல் அங்கே இணையத்தையும் கொண்டுவந்து, ஊர்க்காரர் கேட்கிற விஷயத்தைத் தேடி வானொலியில் சொன்னார்கள். உலகத்தில் பல இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் வாசிகசாலையிலிருந்து வாரம் பத்து நிமிட ஒலி நிகழ்ச்சி ஒன்று வாட்ஸ்அப்பில் போனால், வேலை கேட்டுப் போகிறபோது காட்ட அதுவே பெரிய சாட்சி.

தோட்டத்துக்குள் படம் எடுக்க முன் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். மலையும் ஸ்டோரும் கம்பனி இடம், யாராவது பிடித்து போனை வாங்கிக்கொண்டால் பிள்ளை பிறகு படம் எடுக்கவே வரமாட்டாள். தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் கட்டிய நடேசய்யர் காலத்தில் தோட்டத்துக்குள் நுழைய அவர் துணி வியாபாரி வேஷம் போட வேண்டியிருந்தது. நூறு வருடம் கழித்து நமக்கு ஒரு கடிதம் போதும், அதை எழுதிவிடலாம். ட்ரோன் என்றால் அது வேறு கதை, சிவில் விமானச் சேவை அதிகார சபையின் அனுமதி வேண்டும். இப்போதைக்கு அந்த ஆசையை அடக்கிவையுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிவு வந்தபோது, நம் பக்கத்துப் பிள்ளைகள் போனில் எடுத்த துண்டுகள் பல என் எடிட் மேசைக்கு வந்தன. எடுத்தவர் பெயர் ஒன்றிலும் இல்லை. கை மாறிக் கை மாறி வந்ததில் படமும் மங்கிப்போயிருந்தது. யாருக்குப் பெயர் போடுவது, யாருக்குக் காசு கொடுப்பது? இனி எதை எடுத்தாலும் மூலத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இடமும் நேரமும் எழுதி, ‘என் பெயர் போடுவீர்களா, எவ்வளவு தருவீர்கள்’ என்று கேட்டபிறகு அனுப்பச் சொல்லுங்கள். ஆபத்தில் இருக்கிறவரைக் காப்பாற்ற உதவும் படமென்றால் மட்டும் கேள்வி கேட்காமல் அனுப்பட்டும்.

கொழுந்து மடுவத்துப் பதிவுகள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பதினொன்றையும் கேட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் குரல் பதிவு போடுகிறேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாகவோ வொயிஸாகவோ அனுப்பினால் அது சுருக்கிவிடும். டொக்கியூமென்ட் என்று இருக்கிற இடத்தில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பைலுக்குப் பெயர் வைக்க மறந்துவிட வேண்டாம்.